நேரோட்டமும் சுற்றுடைப்பானும்

கண்டி நகருக்குத் தெற்கே ஹந்தானை மலைச்சாரலில், 1925ஆம் ஆண்டில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்று உண்டு. தொழிற்சாலையாக ஓய்ந்துபோன அக்கட்டடம், 2001ஆம் ஆண்டில் தேயிலை நூதனசாலையாக மறுபிறப்பு எய்தியது. பழைய எஞ்சின்களும், கொழுந்து உருட்டும் பொறிகளும், கப்பிகளும் அங்கே வரிசையாக நிற்கின்றன. அவற்றைக் காணச் செல்வோர் தேயிலையின் வரலாற்றைக் கற்றுத் திரும்புகின்றனர். ஆனால், மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குள் மற்றுமொரு வரலாறும் மறைந்திருக்கிறது. மின்சாரத்தை உண்டாக்கிய வரலாறு அன்று. அதனை நிறுத்தக் கற்றுக்கொண்ட வரலாறு அது.

கண்டிக்கு அப்பால் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில், 1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். கோப்பிப் பயிரை நோய் அழித்த பின்னர் மலைகள் யாவும் தேயிலைக்கு மாறின. தோட்டத்து மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தொழிற்சாலை தோட்டந்தோறும் தோன்றியது. கொழுந்தை வாட்டவும், உருட்டவும், உலர்த்தவும் விசை வேண்டும். அவ்விசையை மலையருவிகள் தந்தன. உயரத்தில் ஓடையை மறித்து, இரும்புக் குழாய் வழியே நீரைக் கீழிறக்கி, அதனால் சுழலியைச் சுற்றினார்கள். இங்கிலாந்தின் கெண்டல் நகரிலிருந்து கில்க்ஸ் நிறுவனத்தார் அனுப்பிய சுழலிகள் பல இம்மலைகளில் ஏறின. காலப்போக்கில் நூற்றுக்கணக்கான தோட்டங்களில் இத்தகைய நீர்ப்பொறிகள் அமைந்தன.

தேயிலை வேலை இரவிலும் நடக்கும் வேலை. ஆகவே, சுழலியின் தண்டோடு ஒரு தைனமோவையும் இணைத்து விளக்கேற்றும் வழக்கம் பிறந்தது. அக்காலத்துத் தைனமோக்களுட் பல நேரோட்டத்தையே தந்தன. சுவரிற் பதித்த கற்பலகையில் கத்தி போன்ற செப்பு அலகுகளையுடைய ஆளிகள் இருக்கும். விளக்குகள் எரியும்போது அந்த ஆளியைத் திறப்பவர் கையை விரைந்து இழுத்துக்கொள்ள வேண்டும். மெல்லத் திறந்தால் செப்பு அலகுகளுக்கிடையே நீலச் சுடரொன்று நீண்டு நின்று எரியும். மின்வில் என்பது அதுவே. ஆளியைத் திறந்துவிட்டோம் என்று மனிதன் எண்ணுகிறான். ஓட்டமோ காற்றின் வழியே பாலம் அமைத்துக்கொண்டு தொடர்ந்து செல்கிறது. அச்சுடரின் வெப்பம் பல ஆயிரம் பாகை. செப்பையும் அது உருக்கிவிடும்.

ஆடலோட்டத்தில் இந்த இடர் ஏன் இவ்வளவு பெரிதாவதில்லை? ஊஞ்சலை எடுத்துக்கொண்டால் விடை விளங்கும். ஊஞ்சல் ஒவ்வொரு கோடியையும் எட்டும் கணத்தில் அசைவற்று நின்று, பின்னரே திரும்புகிறது. அந்தக் கணத்தில் ஒரு சிறு பிள்ளையும் அதனைப் பிடித்து நிறுத்திவிடலாம். இலங்கையில் வழங்கும் ஆடலோட்டம் ஒரு செக்கனுக்கு 50 முறை அலைகிறது. ஒவ்வோர் அலைவிலும் இருமுறை ஓட்டம் பூச்சியமாகிறது. ஆகவே, செக்கனுக்கு 100 தடவை மின்வில் தானாகவே அணைகிறது. அணைந்த கணத்தில் இடைவெளியைக் குளிரச் செய்து, மீண்டும் பற்றவொட்டாமற் காப்பதே ஆடலோட்டச் சுற்றுடைப்பானின் பணி.

நேரோட்டமோ ஊஞ்சல் அன்று. மலைச்சரிவில் இறங்கும் குழாய்நீர். அதற்கு ஓய்வுக் கணம் என்பதே இல்லை. ஓடும் குழாயின் வாயிலைச் சட்டென அடைத்தால் என்ன நேரும் என்பதைத் தோட்டத்துச் சுழலியைப் பார்த்துக்கொண்டவர் நன்கறிவர். நகர்ந்துகொண்டிருந்த நீர்த்தொகுதி முழுவதும் அடைப்பின்மீது மோதும், குழாய் அதிரும், சில வேளைகளில் வெடித்தும் போகும். மின்சுற்றிலும் அவ்வாறே. ஓடும் மின்னோட்டம் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலமாகச் சத்தியைச் சேமித்து வைத்திருக்கிறது. ஓட்டத்தை முறித்தால் அந்தச் சத்தி எங்கேனும் சென்றாக வேண்டும். அது முறிவின் வாயில் அழுத்தமாக எழுகிறது, மின்வில்லாக எரிகிறது. ஆகவே, நேரோட்டத்தை நிறுத்த விரும்புவோர் இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும். மூலத்தின் அழுத்தத்திலும் மேலான எதிரழுத்தம் ஒன்றை உண்டாக்கி, ஓட்டத்தைப் பூச்சியத்துக்கு இறக்க வேண்டும். சேமித்திருக்கும் சத்திக்குச் செல்லுமிடமும் காட்ட வேண்டும். நேரோட்டச் சுற்றுடைப்பானின் வரலாறு முழுவதும் இவ்விரு காரியங்களின் வரலாறேயாகும்.

அவ்வரலாற்றின் தொடக்கத்தில் எடிசன் நிற்கிறார். 1879ஆம் ஆண்டிலேயே, மிகையோட்டம் வந்தால் தானே திறந்துகொள்ளும் கருவியொன்றைத் தமது காப்புரிமை விண்ணப்பத்தில் அவர் விவரித்திருந்தார். ஆயினும், 1882இல் நியூயோர்க் நகரின் பேர்ல் வீதியில் நேரோட்ட மின்நிலையத்தைத் திறந்தபோது, அதன் வழிகளைக் காக்க அவர் நம்பியது உருகியையே. உருகும் கம்பி மலிவானது; எளியது. ஆனால் ஒரு முறை உருகினால் மறுமுறை புதுக்கம்பி இட வேண்டும். மேலும், அழுத்தம் உயர உயர, உருகிய இடத்திலும் மின்வில் எழுந்து நின்றது.

எனவே, மின்வில்லையே வெல்லும் வழியைத் தேடினர். வில் திறந்த கத்தி ஆளி இழுத்து நீட்டப்பட்டது. சுருளியின் விசையால் திறக்கும் வேகம் கூட்டப்பட்டது. செப்புக்கு முன்னால் கரித்துண்டுகளை வைத்து, இறுதித் தீப்பொறி கரியில் மட்டும் படுமாறு செய்தனர். கரி தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், செப்பு பிழைக்கும். இவை யாவற்றிலும் சிறந்த கருத்து எலிஹூ தொம்சன் போன்றோரின் முயற்சியால் 1880களில் வழக்குக்கு வந்தது. மின்னோட்டம் செல்லும் கடத்தியைக் காந்தம் தள்ளும் என்பது யாவரும் அறிந்த விதி. மின்வில்லும் ஒரு கடத்தியே. ஆகவே, முறிவின் அருகே காந்தச் சுருளொன்றை வைத்தால், அது வில்லைப் பக்கவாட்டில் ஊதித் தள்ளும். தள்ளப்பட்ட வில் நீளும், நீண்டால் குளிரும், குளிர்ந்தால் அதன் அழுத்தத் தேவை உயரும், இறுதியில் மூலத்தால் அதனைத் தாங்க இயலாது போகும். ஓட்டம் மிகுந்தால் சுருளின் காந்தமும் வலுக்கும். பகைவன் தன் வலிமையாலேயே தான் விழுவது போன்றது இது.

மின்சார திராம் வண்டிகள் பெருகிய காலத்தில் இந்தக் காந்த ஊதல் அவற்றின் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 1960 வரை கொழும்பு வீதிகளில் ஓடிய திராம் வண்டிகளும் நேரோட்டத்தால் ஓடியவையே. 1920களின் பிற்பகுதியில் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோசப் சிலேபியன், வில்லை உலோகத் தகடுகளின் அடுக்கினுள் புகுத்திப் பல சிறு வில்களாகத் துண்டாடும் முறையை வளர்த்தார். ஒவ்வொரு துண்டும் தன் இரு முனைகளிலும் ஏறக்குறைய 20 வோற்று அழுத்தத்தை விழுங்கும். இருபது தகடுகள் இருப்பின் நானூறு வோற்று எதிரழுத்தம் கிடைத்துவிடும். இன்று வீடுகளிற் காணும் சிறிய சுற்றுடைப்பானைப் பிரித்துப் பார்த்தாலும் அதே தகட்டடுக்கு உள்ளே இருப்பதைக் காணலாம். சென்னையில் 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடத் தொடங்கிய மின்சார இரயில்கள் 1500 வோற்று நேரோட்டத்தில் இயங்கின. அத்தகைய அழுத்தத்தையும் இம்முறைகளால் அடக்க முடிந்தது. அதற்கு மேலே பல்லாயிரம், இலட்சம் வோற்றுகளுக்கு இவை உதவவில்லை. அவ்வளவு நீண்ட வில்லை அடைக்கும் பெட்டி வீட்டளவு பெரிதாக வேண்டும்.

அந்தத் தேவையும் அப்போது எழவில்லை. உலகம் ஆடலோட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. நிலைமாற்றியின் உதவியால் ஆடலோட்டத்தின் அழுத்தத்தை எளிதில் உயர்த்தவும் தாழ்த்தவும் முடிந்தமையே அதற்குத் தலையாய காரணம். இலங்கையில் எந்திரி டீ. ஜே. விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டில் இலங்கை எந்திரவியலாளர் சங்கத்தில் ஒரு கட்டுரையைப் படித்து, மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளின் விசையால் நாடு முழுவதற்கும் ஒளியேற்றலாம் என்று காட்டினார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1950இல், லக்சபான நீர்மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1953இல் காலமான அவர் தம் கனவு நனவானதைக் கண்ணாரக் கண்டார். பின்னர் மகாவலியின் முறை வந்தது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்க வழியால் 1976இல் உக்குவளை மின்நிலையத்துக்கு நீர் சென்றது. 1985இல் கொத்மலையும் விக்டோரியாவும் எழுந்தன. 122 மீற்றர் உயரமுள்ள விக்டோரியா அணையின் பின்னே பழைய தெல்தெனிய நகரம் நீருள் ஆழ்ந்தது. முன்னே 210 மெகாவாற்று மின்சாரம் பிறந்தது. இவை அனைத்தும் ஆடலோட்டம். எண்ணெய், அழுத்தக் காற்று, கந்தக எக்சாபுளோரைட்டு வாயு, வெற்றிடம் என்று சுற்றுடைப்பான்களின் வகை மாறினாலும், ஊஞ்சல் நிற்கும் கணத்தைப் பற்றிக்கொள்வதே அவற்றின் உபாயம். தேசிய மின்வலை மலைக்கு ஏறிவர, தோட்டத்துத் தைனமோக்கள் பல மௌனமாயின.

நேரோட்டம் மடிந்துவிட்டது என்று எண்ணியிருந்த வேளையில், அது கடலுக்கடியிலிருந்து எழுந்து வந்தது. கடலடிக் கம்பி, இரு கடத்திகளுக்கிடையே காப்புறை கொண்ட நீண்டதொரு கொள்ளளவி போன்றது. ஆடலோட்டம் அலைதோறும் அதனை நிரப்பியும் வெறுமையாக்கியும் தன் வலுவை இழக்கிறது. தூரம் நீண்டால் மறுகரைக்குப் பயனுள்ள ஓட்டம் செல்லவே இயலாது. நேரோட்டத்துக்கு இக்குறை இல்லை. சுவீடன் நாட்டு எந்திரி ஊனோ லாம் பல்லாண்டு முயன்று உருவாக்கிய இரச வில் வால்வுகளின் துணையால், 1954ஆம் ஆண்டில் சுவீடனின் பெருநிலத்திலிருந்து கோட்லாந்துத் தீவுக்கு 100,000 வோற்று அழுத்தத்தில் 20 மெகாவாற்று நேரோட்டம் கடலடியே சென்றது. பின்னர்க் குறைகடத்திகள் வந்தன. தமிழ்நாட்டின் புகளூர் வரைக்கும் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து 800,000 வோற்று நேரோட்டப் பெருவழி இன்று வருகிறது. அதன் கொள்ளளவு 6000 மெகாவாற்று.

இலங்கைக்கும் இச்செய்தி அயலானது அன்று. பாக்கு நீரிணையின் இருமருங்குமுள்ள மின்வலைகளை நேரோட்டத்தால் இணைப்பது நெடுநாளைய எண்ணம். 2010இல் மதுரையையும் அனுராதபுரத்தையும் இணைக்கும் திட்டத்தை ஆராய இரு நாடுகளும் உடன்பட்டன. 2025ஆம் ஆண்டு ஏப்பிரலில் கொழும்பில் இதுபற்றி மேலும் ஒரு புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அத்தகைய இணைப்பு அமையுமாயின், விக்டோரியாவிலும் கொத்மலையிலும் பிறக்கும் மின்சாரமும் அவ்வழியோடு உறவு கொள்ளும்.

இங்கேதான் பழைய வினா புது உருவில் எழுகிறது. இரு முனைகள் மட்டுமுள்ள வழியில் பழுது நேர்ந்தால், இரு கோடியிலுமுள்ள மாற்றி நிலையங்களை அடக்கியோ, ஆடலோட்டப் பக்கத்துச் சுற்றுடைப்பான்களைத் திறந்தோ வழி முழுவதையும் நிறுத்திவிடலாம். பல நிலையங்களை வலைபோல் இணைத்தால் அவ்வாறு செய்தல் தகாது. ஒரு கிளையில் விழுந்த மரத்துக்காக நாடு முழுவதையும் இருட்டாக்குவது யாருக்கும் உடன்பாடாகாது. பழுதுற்ற கிளையை மட்டும் வெட்டிப் பிரிக்கும் கருவி வேண்டும். அதுவும் கண் இமைப்பதற்குள் அன்று. அதனினும் மிக விரைவாக. 320,000 வோற்று அழுத்தமுள்ள வழியில், ஓட்டத்தின் எழுச்சியைத் தடுக்கப் பத்திலொரு ஹென்றி அளவுள்ள சுருள் இருப்பதாகக் கொள்ளலாம். குறுஞ்சுற்று நேர்ந்தால் ஓட்டம் ஆயிரத்திலொரு செக்கனுக்கு 3200 அம்பியர் வீதம் ஏறும். முதலில் 2000 அம்பியர் ஓடிக்கொண்டிருந்தால், ஆயிரத்தில் இரண்டு செக்கனில் அது 8400 ஆகும். ஆயிரத்தில் ஐந்து செக்கனில் 18,000 ஆகும். பெரிய ஆடலோட்டச் சுற்றுடைப்பான் திறந்து முடிப்பதற்கோ ஆயிரத்தில் நாற்பது, அறுபது செக்கன் பிடிக்கும். அதற்குள் நேரோட்ட வலையின் குறைகடத்திகள் கருகிப்போம்.

இயற்கையிற் பூச்சியம் இல்லையென்றால் செயற்கையிற் பூச்சியம் படைக்கலாம் என்பதே அறிஞர் கண்ட முதல் வழி. 1972ஆம் ஆண்டளவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சார்ந்த கிரீன்வூட், லீ ஆகிய இருவரும் இம்முறையை விளக்கினர். முன்னரே மின்னேற்றிய கொள்ளளவியொன்றை, ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் வெற்றிட ஆளியின் ஊடாக இறக்கினால், ஒரு கணம் இரண்டும் ஒன்றையொன்று அழித்து ஓட்டம் பூச்சியமாகும். அக்கணமே வில் மடியும். 1980களில் அமெரிக்காவின் பசிபிக் கரையோர நேரோட்ட வழியில் இத்தகைய கருவிகள் உண்மையான ஓட்டத்தோடு பரிசோதிக்கப்பட்டன.

மற்றக் காரியம், சத்திக்கு இடம் காட்டுதல். விக்டோரியாச் சுரங்க வழியின் கோடியில் நீர் எழுச்சிக் கிணறொன்று உண்டு. சுழலிகள் திடீரென நின்றால், சுரங்கத்தில் விரைந்து வந்த நீர் அக்கிணற்றில் ஏறித் தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளும். மின்சாரத்தில் அத்தொழிலைச் செய்வது நாக ஒட்சைட்டாலான எழுச்சித் தடுப்பி. சாதாரண அழுத்தத்தில் அது கல்லைப்போல் ஓட்டத்தை மறுக்கும். அழுத்தம் எல்லை மீறினால் வழிதிறந்து, சத்தியை வெப்பமாக விழுங்கிக்கொள்ளும்.

இவ்விரு கருத்துகளையும் குறைகடத்தியோடு கூட்டி, 2012ஆம் ஆண்டில் ஏபிபி நிறுவனத்தார் கலப்புச் சுற்றுடைப்பானை அறிவித்தனர். அதில் ஓட்டத்துக்கு மூன்று வழிகள் உண்டு. நாள்தோறும் ஓட்டம் செல்வது முதல்வழி. சிறியதொரு குறைகடத்தியும் மிகவிரைவான பொறியாளியும் அதில் உள்ளன. இழப்பு மிகச் சொற்பம். பழுது கண்டவுடன் அச்சிறு குறைகடத்தி முதல்வழியை அடைக்க, ஓட்டம் இரண்டாம் வழிக்கு ஒதுங்குகிறது. முதல்வழியில் ஓட்டமே இல்லாத அவ்வேளையில் பொறியாளி வில்லின்றித் திறந்துகொள்கிறது. அடுத்து, இரண்டாம் வழியின் குறைகடத்தி அடுக்கு முழுவதும் அடைபடுகிறது. போக்கிடமற்ற ஓட்டம் மூன்றாம் வழியாகிய எழுச்சித் தடுப்பியில் விழுந்து அவிகிறது. இத்தனையும் ஆயிரத்தில் ஐந்து செக்கன் அளவில் நடந்துவிடுகின்றன. 2020இல் சீனாவின் சாங்பெய் பகுதியில் நான்கு நிலையங்களை இணைத்து 500,000 வோற்று நேரோட்ட வலை இயங்கத் தொடங்கியபோது, இத்தகைய பெருஞ் சுற்றுடைப்பான்கள் அதன் காவலராயின. கற்பலகையில் நீலச் சுடர் எரிந்த நாளிலிருந்து இந்நிலையை எய்த நூறாண்டுக்கு மேல் சென்றது.

இவ்வரலாறு பெரிய நிலையங்களோடு முடிவதாயின், கண்டி வீட்டாருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை எனலாம். ஆனால், நேரோட்டம் அவர்தம் கூரைக்கே மீண்டு வந்திருக்கிறது. 2016இல் தொடங்கிய ‘சூரியபல சங்கிராமய’ திட்டத்தின் பின்னர், நாட்டின் ஏனைய நகரங்களிற் போலவே கண்டியிலும் சூரியத் தகடுகள் கூரைகளில் ஏறின. தகடு தருவது நேரோட்டம். ஏறக்குறைய 40 வோற்றுத் தகடுகள் பத்தைத் தொடராக இணைத்தால் 400 வோற்று ஆகிறது. அது வீட்டு ஆடலோட்டத்தின் 230 வோற்றிலும் உயர்ந்தது, இடையில் ஓய்வற்றது, பகலில் ஒருபோதும் அணையாதது.

இங்கே செய்யத்தகாத பிழைகள் இரண்டு. ஆடலோட்டத்துக்கென்று அமைந்த மலிவான ஆளியைக் கூரையின் நேரோட்டக் கம்பியில் இணைப்பது முதலாவது. அவ்வாளி பூச்சியக் கணத்தை எதிர்பார்த்திருக்கும். அக்கணம் வருவதே இல்லை. திறந்த ஆளிக்குள் வில் எரிந்துகொண்டேயிருக்கும். நேரோட்டச் சுற்றுடைப்பானைத் தலைமாறி இணைப்பது இரண்டாவது. சில வகைகளில் நேர்முனை, எதிர்முனை என்ற குறிகள் இடப்பட்டிருக்கும். உள்ளேயுள்ள நிலைக்காந்தம் வில்லைத் தகட்டடுக்கின் பக்கம் ஊதுவதற்காக வைக்கப்பட்டது. ஓட்டம் திசைமாறினால் அது வில்லை எதிர்ப்பக்கம் தள்ளி, கருவியின் உள்ளுறுப்புகளையே எரித்துவிடும். உருகி காக்கும் என்று இருப்பதற்கும் இல்லை. சூரியத் தகட்டின் குறுஞ்சுற்றோட்டம் அதன் வழமையான ஓட்டத்திலும் சிறிதளவே அதிகமானது. தளர்ந்த இணைப்பொன்றில் வில் எரிந்தாலும் உருகிக்கு அது தெரியாது. ஆகவே, கூரைக்குத் தகடு வாங்கும் வீட்டார், தகட்டின் விலையைக் கேட்பதோடு நில்லாமல், ஆளியும் சுற்றுடைப்பானும் நேரோட்டத்துக்குரியனவா, எத்தனை வோற்றுக்கு உரியன, முனைகள் குறிப்படி இணைக்கப்பட்டனவா என்றும் கேட்டல் வேண்டும். மின்சாரக் கருவி எதிலும் அதன் அழுத்தமும் ஓட்டவகையும் பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வெழுத்தை வாசிப்பதற்கு எந்திரியாக வேண்டியதில்லை.

கண்டிக்கு அருகே பேராதனையில் 1964ஆம் ஆண்டு முதல் எந்திரவியற் பீடம் இயங்கி வருகிறது. மலைநாட்டுத் தோட்டங்களிற் பிறந்த பிள்ளைகளும் அங்கே மின்னெந்திரவியல் கற்கின்றனர். நாளை பாக்கு நீரிணையைக் கடந்து நேரோட்டம் வருமாயின், அதன் காவற் கருவிகளைப் பேணும் பொறுப்பு அத்தகையோர் கையிலேயே சேரும். அவர்களுடைய பாட்டனார் ஒருவர், இரவு வேளையில், தோட்டத்து ஸ்டோரின் கற்பலகை முன்னின்று, ஆளியை மெல்லத் திறக்காமல் விரைந்து திறக்கப் பழகியிருக்கக்கூடும். அவர் கற்ற பாடமும் பேரர் கற்கும் பாடமும் ஒன்றே. ஓட்டத்தை உண்டாக்குபவர், அதனை நிறுத்தும் வழியையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.